புதுச் சத்தம்

புது சைலன்சர் கட்டுப்படியாகாததால், காயலான் கடையில் கிடந்த ஒன்றைத் தன் பழைய காருக்கு வெல்டிங் வைத்துக்கொண்டு வந்தான் தணிகைவேல். வாசலில் காரை நிறுத்தி, ஆக்ஸிலேட்டரை மிதித்துக் காட்டினான்.

"எப்படி இருக்குடி சத்தம்?"

"சிங்கம் மாதிரி இருக்குங்க," என்றாள் பொற்கொடி. கல்யாணமானதிலிருந்து அவனை அவள் மனதாரப் புகழ்ந்தது அன்றுதான். ரேஷன் கடை முனையில் கார் திரும்பும்போதே உறுமல் வீட்டுக்குள் கேட்டுவிடும். அவன் வந்து சேர்வதற்குள் டிவியை அணைத்து, அக்காவோடு பேசிக்கொண்டிருந்த போனை வைத்து, முகத்திலிருந்த சிரிப்பையும் துடைத்துக்கொண்டு அடுப்படியில் நின்றுவிடுவாள். அந்த மாதம் அவள் ஒரு அடிகூட வாங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அவள் மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தபோது, கீழே தணிகைவேலிடம் பேசிக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு ஜெயசீலன் காரைத் தட்டிக்கொடுத்தார். "இது சைலன்சர் இல்ல சார், ரிமோட்டு. அங்க நீங்க திரும்புனா, இங்க உங்க வீட்டு டிவி ஆஃப் ஆயிடுது."

தணிகைவேலும் கூடவே சிரித்தான்.

மறுநாள் சாயங்காலம் டிவி ஓடிக்கொண்டிருந்தது. போனில் அக்கா சொன்ன எதற்கோ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்த பொற்கொடி, தற்செயலாகத் திரும்பினாள். கார் சத்தம் கேட்கவே இல்லை. செருப்பைக் கையில் பிடித்தபடி தணிகைவேல் நிலைப்படியில் நின்றிருந்தான்.

"பேசு, பேசு," என்றான். "ஏன் வைக்கிற?"