லாக்கின் மேல் ஒரு கை

கம்ப்யூட்டர் திரையில் மச்சான் மறுபடியும் வந்தான். வாசலை ஒரு தடவை எட்டிப் பார்த்தான். ட்ரைபாட் மேல் இருந்த கேமராவுக்கு அடியில் கையைக் கொடுத்து, அதை இறுக்கிப் பிடிக்கும் லாக்கைத் திருப்பிவிட்டு, ஒன்றும் தெரியாதவன் போல நழுவினான்.

பூட்டு மாஸ்டர் அதை நாலாவது தடவையாக ஓடவிட்டுப் பார்த்தார்.

பூட்டு மாஸ்டர் என்பது போட்டோ தொழிலில் இருப்பவர்கள் அவருக்கு வைத்த கேலிப் பெயர். கேமராவை ட்ரைபாடில் ஏற்றினால், லாக்கைத் திருப்பி, “பூட்டியாச்சு!” என்று வாய்விட்டுச் சொன்ன பிறகுதான் கையை எடுப்பார். ஸ்டுடியோ திறந்த நாளிலிருந்து இருபத்திரண்டு வருஷமாக இதுதான் அங்கே சட்டம். பக்கத்துக் கடைக்காரருக்கே அந்தக் குரல் மனப்பாடம்.

அப்பேர்ப்பட்டவருடைய கேமராதான் போன மாதம் ஒரு பள்ளிக்கூட மைதானத்தில் தலைகுப்புற விழுந்தது. ஆசிரியர்கள் எல்லோரும் பெஞ்சுகளில் வரிசையாக உட்கார்ந்து சிரிக்கத் தயாராக இருந்தார்கள். லென்ஸ் சுக்குநூறாகிப் போனது.

“நான் பூட்டினேன் சார், நீங்களே கேட்டீங்களே!” என்று மாஸ்டர் பதறினார்.

“சத்தம் பலமாத்தான் இருந்துச்சு” என்றார் தலைமையாசிரியர். மொத்த வரிசையும் சிரித்தது. மானம் கப்பலேறிவிட்டது.

அன்றைக்கு மச்சான் வரவில்லை. பல் பிடுங்க வேண்டும் என்று லீவு போட்டிருந்தான். லாக்கில் ஏதோ கோளாறு செய்து வைத்துவிட்டுத்தான் பல்வலி நாடகம் ஆடியிருக்கிறான் என்பது இப்போதுதான் மாஸ்டருக்கு உறைத்தது.

மச்சான் வெறும் கூட்டாளி இல்லை. பள்ளிக்கூட நாளிலிருந்து சிநேகிதன். அந்தச் சிநேகத்தில்தான் தன் தங்கையையே இவருக்குக் கட்டிக் கொடுத்தான். எதிர்த்தெரு ஸ்டுடியோக்காரன் அவனை வா வா என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தபோதுகூட, “முடியாதுன்னுட்டேன் மாப்ள” என்று அவன் சொன்னதை இவர் அப்படியே நம்பினார். இவர் பெயரைக் கெடுத்துவிட்டுப் போனால் வாடிக்கையெல்லாம் பின்னாலேயே வந்துவிடும் என்று கணக்குப் போட்டிருக்கிறான்!

ட்ரைபாட் பக்கத்திலிருந்து அவன் திடுக்கிட்டு விலகுவதை இரண்டு மூன்று தடவை பார்த்த பிறகுதான் சந்தேகமே வந்தது. அதனால் இன்று காலை கேமராவை ஏற்றி, வழக்கம்போல “பூட்டியாச்சு!” என்று குரல் கொடுத்துவிட்டு, அலமாரியில் ஒளித்து வைத்திருந்த குட்டிக் கேமராவை ஓடவிட்டு, டீ குடிக்கப் போனார். திரும்பி வருவதற்குள், வந்த வாடிக்கையாளரை மச்சானே படம் எடுத்து அனுப்பிவிட்டு, பெரிய கேமராவைக் கழற்றிப் பையிலும் வைத்துவிட்டான். தடயத்தைக்கூட விட்டு வைக்கவில்லை, படுபாவி.

“மச்சான், கொஞ்சம் இங்க வா.”

ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே வந்தவன் திரையைப் பார்த்ததும் நின்றுவிட்டான்.

“யார் கை இது?”

“என் கைதான், மாப்ள.”

“என்ன பண்ணுது அங்க?”

மச்சான் மறுபடியும் கையைத் துடைக்க ஆரம்பித்தான். இல்லை என்று ஒரு பொய்யாவது சொல்ல மாட்டானா என்று மாஸ்டரின் மனசு ஏங்கியது.

“ஒரு நாள் ரெண்டு நாள் இல்ல, தினமும் நடக்குது, இல்லையா?”

“ஆமா.”

“இதை உன் தங்கச்சிகிட்ட கொண்டுபோய்க் காட்டுறேன். அண்ணன் அண்ணன்னு உருகுறாளே, பாக்கட்டும்.”

“அவளுக்குத் தெரியும், மாப்ள.”

காலையில் டிபன் பாக்ஸைக் கையில் கொடுத்து, “அண்ணன்கிட்ட கோவப்படாதீங்க” என்று அவள் சொன்னதற்கு இதுதானா அர்த்தம்?

“ரெண்டு பேரும் சேர்ந்தா எனக்குக் குழி பறிச்சீங்க?” மாஸ்டர் மேஜையில் ஓங்கி அடித்தார். “வேற எவனாவது செஞ்சிருந்தா தூக்கிப் போட்டுட்டுப் போயிருப்பேன். உன்னை நம்பித்தானேடா இத்தனை வருஷம் முதுகைக் காட்டிக்கிட்டு நின்னேன்!”

மாஸ்டர் கதவைக் காட்டினார்.

“சாவியை வெச்சிட்டுக் கிளம்பு. இனிமே இந்தப் படி ஏறாத.”

சட்டைப் பையிலிருந்த சாவியை எடுத்து மேஜை மேல் வைத்துவிட்டு, மச்சான் கதவு வரைக்கும் போனான். போனவன் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றான்.

“என்ன நிக்கிற? எதிர்த்தெருவுக்குத்தானே போற, போ!”

“நான் எங்கயும் போகல. நாளைக்கு உன் கேமராவை யாரு பாத்துப்பாங்கன்னுதான் நிக்கிறேன்.”

“நீ பாத்துக்கிட்ட லட்சணம் போதும்! நீ திறந்து விடாம இருந்தாலே அது பத்திரமா நிக்கும்!”

மச்சான் திரும்பினான். அவன் கண் கலங்கியிருந்தது. இத்தனை நாள் சொல்லக் கூடாது என்று வைத்திருந்ததை வேறு வழியில்லாமல் சொன்னான்.

“நான் திறக்கல, மாப்ள... ஆறு மாசமா நீ வாயால மட்டும்தான் பூட்டுற.”