கை தூக்கும்வரை

சர்வேயர் லெவல் கருவியில் கண்ணை வைத்தால் எடுக்கவே மாட்டேன் என்கிறார். அதுதான் மேஸ்திரிக்கு எரிச்சல்.

சாக்கடைக் குழாய் பதிக்கிற வேலை. பள்ளத்து ஓரம் அடித்த முளைகளின் மேல், எண் போட்ட உயரமான ஸ்டாஃப் கம்பை ஒருத்தி நிமிர்த்திப் பிடிப்பாள். தெருவின் இந்தக் கோடியில் சர்வேயர் கருவியின் தொலைநோக்கி வழியாக எண்ணைப் பார்த்துக் குறித்துக்கொண்டு கையைத் தூக்குவார். தூக்கினால்தான் அவள் அடுத்த முளைக்கு நகரலாம். சட்டென்று முடிகிற காரியம்.

அவர் கை மட்டும் லேசில் எழாது.

முன்பு அந்த ஸ்டாஃபைப் பிடித்தவன் அவள் புருஷன். போன மாதம் நெஞ்சுவலியில் போய்விட்டான். மேஸ்திரிதான் மனசு கேட்காமல் அவளுக்கு அந்த வேலையைக் கொடுத்தார். அவளோ ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டு யாரும் பார்க்கவில்லை. சாப்பாட்டு நேரத்தில் எல்லோரோடும் சிரித்துப் பேசினாள். கல்நெஞ்சக்காரி என்றார்கள். இப்போது அவளையும் சர்வேயரையும் முடிச்சுப் போட்டுப் பேசினார்கள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

இன்று மேஸ்திரிக்குப் பொறுக்கவில்லை. நேராக சர்வேயரிடமே போய் நின்றார்.

“சார், ஒரு நம்பரைப் பார்க்க இவ்வளவு நேரமா? ஆளுங்க கண்டபடி பேசறாங்க. நாளையிலேருந்து அந்தப் பொண்ணைக் கலவை போடற இடத்துக்கு மாத்திடறேன்.”

சர்வேயர் முகம் வாடிவிட்டது. “அங்க வேணாம் மேஸ்திரி. அங்க சுத்தி ஆளுங்க இருப்பாங்க.”

“அதுக்குத்தான் சார் மாத்தறேன்.”

சர்வேயர் கருவியை விட்டு விலகி நின்றார்.

“நீங்களே ஒரு தடவை பாருங்க. பார்த்துட்டு நீங்களே கையைத் தூக்குங்க.”

மேஸ்திரி குனிந்து கண்ணை வைத்தார். தெருக்கோடியில் இருந்தவள் கைக்கெட்டும் தூரத்துக்கு வந்துவிட்டாள். எண் பளிச்சென்று தெரிந்தது. அதற்குப் பின்னால் அவள் முகம் தெரிந்தது. ஸ்டாஃபில் நெற்றியை முட்டுக்கொடுத்து, உதட்டைக் கடித்துக்கொண்டு, சத்தமில்லாமல் அழுதுகொண்டிருந்தாள். புறங்கையால் துடைத்தாள். துடைக்கத் துடைக்க வந்துகொண்டே இருந்தது.

பள்ளத்துக்குள் இருந்து ஒருவன் குரல் கொடுத்தான். “என்ன மேஸ்திரி, ஆச்சா?”

“இருடா, நம்பர் இன்னும் சரியாத் தெரியல” என்றார் மேஸ்திரி, கையைத் தூக்காமல்.