நுரை வந்த வழி

"இது கால்வாய்த் தண்ணியா? என்னை என்ன முட்டாள்னு நினைச்சியா?"

அறிவியல் ஆசிரியர் பாட்டிலை மூக்கருகே கொண்டுபோய் இன்னொரு தடவை முகர்ந்தார். சந்தேகமே இல்லை, குளோரின் வாசனை. வீட்டுக் குழாயில் பிடித்த தண்ணீர்.

மேசைமேல் ஊரின் வரைபடம் விரிந்திருந்தது. மேட்டிலிருந்து ஆறு வரைக்கும் கால்வாய் போகிற வழியெல்லாம், அவரவர் வீட்டருகே பிடித்த தண்ணீரைப் பிள்ளைகள் பாட்டில் பாட்டிலாக நிறுத்தியிருந்தார்கள். மேட்டில் தெளிவு, கீழே வரவரக் கலங்கல். நடுவில், அவர் எதிரே நின்ற மாணவியின் பாட்டில் மட்டும் பளிங்கு மாதிரி நின்று காரியத்தையே கெடுத்தது.

நாளைக்குக் கண்காட்சி. பெற்றோர் எல்லாரும் வருகிறார்கள். அவர்கள் முன்னால் பேசப்போவதே இவள்தான். ஓயாமல் பேசுவதால் வகுப்பு இவளுக்கு வைத்த பெயர் 'ரேடியோ'. இன்றைக்கு ரேடியோ தரையையே பார்த்துக்கொண்டு நின்றது.

"கால்வாய் உங்க வீட்டுக்குப் பின்னாடிதானே ஓடுது? நாலு அடி நடக்க அவ்வளவு சோம்பலா?"

"ஆமா சார். சோம்பல்தான்" என்றாள், தலையை நிமிர்த்தாமல்.

ஆசிரியருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இந்தப் பாடத்துக்காக அவர் பட்ட பாடு கொஞ்சமா? பிளாஸ்டிக் விரிப்பைக் கசக்கி மலையாக்கி, வீடுகளுக்குப் பதிலாகக் கலர்ப்பொடி தூவி, பூவாளியால் மழை பெய்ய வைத்து, எல்லாக் கலரும் ஒரே பள்ளத்தில் வந்து சேர்வதைக் காட்டியிருந்தார்.

"இதுதான் நீர்ப்பிடிப்புப் பகுதி. எங்க கொட்டினாலும் கடைசில ஆத்துலதான் கொட்டறோம். தண்ணி மாயமா மறையாது. எங்க போகுதுன்னு கேளுங்க!"

அதே பாடத்தில் தன் வீட்டையே உதாரணமும் காட்டியிருந்தார். "எங்க வாஷிங் மெஷின் தண்ணி வாசல்ல ஓடிட்டு இருந்துச்சு. பிளம்பரைக் கூப்பிட்டு ஒரே நாள்ல நிறுத்தினேன். இப்ப வாசல்ல ஒரு சொட்டு ஈரம் இருக்கா, வந்து பாருங்க!"

அப்படிப்பட்டவரிடமா இந்த ஏமாற்று வேலை?

"நாளைக்கு நீ பேச வேண்டாம். எல்லாரும் கிளம்புங்க. இவ இடத்துத் தண்ணியை நானே பிடிக்கறேன்."

அவள் பதறிப்போனாள். "நான் பேசாட்டிப் பரவாயில்ல சார். அங்க மட்டும் போக வேண்டாம் சார்!"

"ஏன், குட்டு வெளிப்பட்டுடுமா?"

அவளுடைய தெரு வழியாகவே போய்க் கால்வாயில் இறங்கினார்கள். இரண்டு தெருக்களின் பின்புறத்துக்கும் நடுவே அது ஓடியது. இந்தப் பக்கம் ஆசிரியர் அடியெடுத்து வைப்பது இன்றுதான். வாசல் எத்தனை அழகாக இருந்தாலும் பின்னால் எல்லா வீடும் ஒரே மாதிரிதான். வெள்ளையடிக்காத சுவர், பாசி, குழாய். தண்ணீர்மேல் வெள்ளை வெள்ளையாக நுரை மிதந்து வந்தது.

"மூக்கைப் பிடிச்சுக்கிட்டு நிக்காதீங்க. நுரை எங்கிருந்து வருதுன்னு பாத்துக்கிட்டே மேல போங்க!"

பிள்ளைகள் கரையோரமாக ஓடினார்கள். கொஞ்ச நேரத்தில் கூச்சல் கேட்டது.

"சார்! கிடைச்சிடுச்சு! இந்தச் சுவத்துலேருந்து வர்ற குழாய்தான் சார்! யார் வீடு சார் இது?"

"எங்க வீடு" என்று முந்திக்கொண்டாள் ரேடியோ.

"ஏய், உங்க வீடு எதிர்க் கரையிலதானே இருக்கு?" என்று ஆரம்பித்தாள் அவளுடைய தோழி. ரேடியோ அவள் காலை நறுக்கென்று மிதித்தாள்.

ஆசிரியர் எதையும் கவனிக்கிற நிலையில் இல்லை. "அப்படிச் சொல்லு! கால்வாயை நாறடிக்கறதும் நீங்க, குழாய்த் தண்ணியைக் கொண்டுவந்து மூடி மறைக்கறதும் நீங்களா? நாளைக்கு உங்கப்பா வரட்டும். நாக்கைப் பிடுங்கிக்கற மாதிரி நாலு கேள்வி கேக்கறேன்!"

அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. குழாய் கடகடவென்று இன்னும் ஒரு குடம் நுரையைக் கக்கியது.

அதற்கு நேர் மேலே, மொட்டைமாடியில் ஈரத்துணியை உதறிக்கொண்டிருந்த அம்மாள் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தாள்.

"என்னங்க! ஸ்கூல் நேரத்துல நம்ம வீட்டுக்குப் பின்னாடி நின்னுக்கிட்டு யாரை இப்படித் திட்டறீங்க?"