மாவு பொங்க ஒரு கேள்வி

குன்னூர்க் குளிரில் இட்லி மாவு லேசில் பொங்காது. சகாயமேரி மாவுப் பாத்திரத்தை வீட்டுக் கம்ப்யூட்டரின் மேல் வைத்துவிடுவாள். அந்தப் பழைய பெட்டி அடுப்பு மாதிரிக் கொதிக்கும். விடிவதற்குள் மாவு மூடியைத் தள்ளிக்கொண்டு எழும்பி நிற்கும். கரண்ட் பில்லும் அப்படியே.

பில்லைப் பார்த்து மிரண்ட அவள் கணவர் லூர்துராஜ், மின்சாரத்தை மிச்சம் பிடிக்கும் புதுக் கம்ப்யூட்டர் ஒன்றை வாங்கி வந்தார். அது தொட்டால் சில்லென்று இருந்தது.

"நாளைக்குக் காலையில சம்பந்தி வீட்டுக்காரங்க டிபனுக்கு வர்றாங்க. இது மேல வெச்சா மாவு எப்படிங்க பொங்கும்?"

"வேலை குடுத்தா தானா சூடாகும், இரு" என்றார் லூர்துராஜ். முழ நீளத்துக்குப் பெருக்கல் கணக்குப் போட்டார். செவ்வாய்க் கிரகத்தில் எந்தத் தெருவில் வாடகை குறைவு என்று கேட்டார். எல்லாவற்றுக்கும் உடனே பதில் வந்தது, சூடுதான் வரவில்லை.

சகாயமேரி அவரை நகரச் சொல்லிவிட்டு முன்னால் வந்தாள்.

"இந்த வீட்டுக் கரண்ட் பில்லைக் குறைக்க என்ன வழி? ஒண்ணு விடாம அலசிப் பாத்து, காலையில சொல்லு."

பெட்டி முதன்முறையாக உறுமியது. கையை வைத்துப் பார்த்தாள். இதமான சூடு.

மறுநாள் சம்பந்தியம்மா மூன்றாவது இட்லிக்குத் தட்டை நீட்டியபோது கம்ப்யூட்டர் பேசியது.

"வழி கிடைத்துவிட்டது. ராத்திரி முழுக்க என்னை யோசிக்க வைக்காதீர்கள்."

சகாயமேரி சட்னி ஊற்றியபடியே குரல் கொடுத்தாள். "எனக்கென்னவோ நம்பிக்கையா இல்ல. இன்னிக்கு ராத்திரியும் ஒரு தடவை யோசிச்சுப் பாரு."