நெவிலுக்கு விழுந்த ஒரே ஓட்டு

யாருக்கு ஓட்டுப் போட்டோம் என்பதை இங்கிலாந்தின் ஹியர்ஃபர்ட்ஷையர் கிராமங்களில் கணவனும் மனைவியும்கூட ஒருவருக்கொருவர் சொல்வதில்லை, கேட்பதும் இல்லை.

உள்ளாட்சித் தேர்தலில் நெவிலுக்கு விழுந்தது ஒரே ஓட்டு. தனக்குத் தானே போட்டுக்கொள்வது அநாகரிகம் என்று கருதி, எதிர்த்து நின்ற கிளெமென்ட்டுக்கே அவர் போட்டிருந்தார். ஆகவே அந்த ஒன்று யாருடையது என்பதில் அவருக்கு ஐயமில்லை. எண்ணிக்கை முடிந்த மாலை, ஊர் பப்பில் மனைவி டில்டாவின் கையைப் பற்றிக்கொண்டார்.

"ஊரே கைவிட்டாலும் நீ விடலை, டில்டா. எனக்கு அது போதும்."

டில்டா நெளிந்தாள். "ஐயோ, நெவில்! நேத்து பூரா ஆட்டுக்குப் பிரசவம் பாத்துட்டிருந்தேன். நான் ஓட்டுப் போடவே போகலையே!"

நெவிலின் முகம் வாடியது. "அப்போ... அது யாரு?"

பப்பில் இருந்த அனைவரும் தத்தம் கோப்பைக்குள் பார்த்தனர். ஐந்தாம் முறையாக வென்றிருந்த கிளெமென்ட் மூலையிலிருந்து எழுந்தார்.

"நான்தான்யா போட்டேன்! ரோட்டுப் பள்ளத்துக்கெல்லாம் இத்தனை வருஷமா நான்தான் திட்டு வாங்குறேன். இந்தத் தடவையாவது நீ ஜெயிச்சு என்னைக் காப்பாத்துவேன்னு நம்பினேனே, பாவி!"