செருப்பு வைக்கும் இடம்

இன்ஸ்பெக்டர் சாக்குப் பைக்குள் கையை விட்டார்.

அவள் பறையைத் தோளில் மாட்டியபடி நின்றாள். எதை எடுக்கிறார் என்பதல்ல, எதைக் கேட்கப்போகிறார் என்பதுதான் அவளுக்குத் தெரிய வேண்டும்.

செருப்பை எடுத்தார். பழைய ரப்பர் செருப்பு.

"இது எங்கிட்ட இருக்கட்டும்மா. நாடகம் முடிஞ்சதும் தாரேன்."

வேறு எதையும் கேட்கவில்லை.

அவளுக்கு ஏமாற்றமாக இருந்தது.

அவளுடைய தெரு நாடகம், விசாரணைக்கென்று கூட்டிப்போகப்பட்டு வீடு திரும்பாத ஒருவனின் கதை. அனுமதிக்காக ஸ்டேஷனில் கொடுத்த வசனங்களில் பாதி, சிவப்பு மையில் அடிபட்டுத் திரும்பியது. பேசினால்தானே அடிப்பீர்கள் என்று அவளுக்கு ஆத்திரம். கடைசிக் காட்சியில் வசனமே இல்லாமல் செய்துவிட்டாள். அவன் நின்ற இடத்தில் அவனுடைய செருப்பை வைத்துவிட்டு எல்லோரும் விலகிப்போவார்கள்.

அது எந்தக் காகிதத்திலும் இல்லை. அவளுக்கும் குழுவில் உள்ள மூன்று பேருக்கும் மட்டுமே தெரியும்.

போன வாரம் இன்ஸ்பெக்டர் போனில் கூப்பிட்டார். "அந்தச் செருப்பு மட்டும் வேண்டாம்மா."

அன்றிலிருந்து அவளுக்கு ஒரே யோசனை: மூவரில் யார் சொன்னது?

இசக்கியா? காணாமல் போகிறவனாக நடிப்பவன். தம்பிக்கு ஊர்க்காவல் படையில் வேலை கேட்டு அலைந்துகொண்டிருக்கிறான்.

ஜெபமணியா? நாடகத்தில் போலீஸ். ஒத்திகை முடிந்த பிறகும் அந்த மிடுக்கு இறங்குவதில்லை.

மனைவியாக நடிக்கும் பொன்செல்வியா? ஒரே தட்டில் சாப்பிட்டவள். அவளைச் சந்தேகிக்கக் கூசியது.

கூசிக்கொண்டே சந்தேகித்தாள்.

மூவரையும் தனித்தனியாகக் கூப்பிட்டாள். செருப்பு விஷயம் வெளியே போய்விட்டது, வேறொன்று வைப்போம் என்றாள். இசக்கியிடம் டிபன் பாக்ஸ் என்று சொன்னாள். ஜெபமணியிடம் சட்டை. பொன்செல்வியிடம் மூக்குக்கண்ணாடி.

"நீயே கொண்டு வா. நீயே வை. யார்கிட்டயும் மூச்சு விடாத."

ஒவ்வொருவரும் தன்னிடம் மட்டும்தான் சொல்கிறாள் என்று நம்பித் தலையாட்டினார்கள். பொன்செல்விக்குக் கண் கலங்கியது.

நடிப்பு என்று இவள் நினைத்தாள்.

இன்ஸ்பெக்டர் வாயிலிருந்து எந்தப் பொருளின் பெயர் வருகிறதோ, அந்த ஆள் மாட்டிக்கொள்வார். மற்ற இருவரிடமும் ஆரம்பிக்கும் முன்பு வேண்டாம் என்று சொல்லிவிடலாம். செருப்பைச் சும்மா பேருக்குத்தான் பையில் போட்டு வைத்தாள்.

அவரோ செருப்போடு நிறுத்திக்கொண்டார். ஒரு நாற்காலியை இழுத்து அவள் பக்கத்திலேயே போட்டு உட்கார்ந்தும் விட்டார்.

யாரிடமும் எதுவும் சொல்ல முடியவில்லை. கூட்டம் கூடிவிட்டது. அவள் பறையை அடித்தாள்.

நாடகம் நடந்தது. கைகள் தன்பாட்டில் அடிக்க, கண்கள் மூன்று பேரையும் மாறி மாறி மேய்ந்தன.

கடைசிக் காட்சி வந்தது. பறை நின்றது.

பொன்செல்வி முந்தானை முடிச்சை அவிழ்த்து மூக்குக்கண்ணாடியை எடுத்தாள்.

காக்கிச் சட்டைக்குள்ளிருந்து ஜெபமணி ஒரு மடித்த சட்டையை உருவினான்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு டிபன் பாக்ஸோடு இசக்கி வந்தான்.

மூவரும் ஒருவர் கையை ஒருவர் பார்த்தார்கள்.

பிறகு அவளைப் பார்த்தார்கள்.

ஓடி ஒளிந்துகொள்ளலாம்போல இருந்தது அவளுக்கு.

முதலில் பொன்செல்விதான் குனிந்தாள். கண்ணாடியை வைத்தாள். பக்கத்தில் சட்டை. அதன் பக்கத்தில் டிபன் பாக்ஸ். ஒரு ஆள் அங்கே கிடப்பது மாதிரி இருந்தது.

ஒரு பெண் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். இன்ஸ்பெக்டர் எழுந்தார். கையில் செருப்பு இருந்தது. அதை மட்டும்தானே வேண்டாம் என்றிருந்தார். மறுபடியும் உட்கார்ந்தார்.

கைதட்டல் அடங்க நேரமானது. அவர்கள் ஒத்திகை பார்க்கும் மொட்டைமாடிக்குக் கீழே டீக்கடை வைத்திருப்பவர் கூட்டத்திலிருந்து சிரித்துக்கொண்டே வந்தார்.

"ஏக்கா, செருப்புல்லா வைப்பிய. மாத்திட்டியளோ?"

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"நல்லா கேட்டிய போங்க. 'செருப்ப மெதுவா வை, மெதுவா வை'ன்னு நீங்க மாடியில போடுத சத்தம் தெரு பூரா கேக்கும். டீ குடிக்க வார போலீஸ்காரவுகளே சொல்லிச் சிரிப்பாக."

மைக் இல்லாமல் கடைசி ஆளுக்கும் கேட்கவேண்டும் என்று வருடக்கணக்கில் பழக்கிய குரல். அவளுடைய குரல்.

திரும்பினாள். மூவரும் சாமான்களைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். யாரும் யாரோடும் பேசவில்லை. எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும் என்று வேகமாக நடந்தாள்.

இன்ஸ்பெக்டர் குறுக்கே வந்தார். செருப்பை அவள் கையில் கொடுத்தார்.

"ரொம்ப நன்றிம்மா. உங்க ஒத்துழைப்பை மறக்க மாட்டேன்."

சத்தமாகத்தான் சொன்னார்.

இசக்கியின் கை கயிற்றில் நின்றது. ஜெபமணி நிமிர்ந்தான். பொன்செல்வி அவள் கையிலிருந்த செருப்பைப் பார்த்தாள். பிறகு முகத்தை.

சொல்ல வந்தவள் வாயைத் திறந்தாள். குரல் வரவில்லை.