முன்னால் போகிறவர் கை

கிஸ்லேன் ஒதிலின் சைக்கிள் பின்சக்கரத்தோடு ஒட்டிக்கொண்டார். அவள் எதிர்பார்த்தது அதைத்தான்.

மேட்டில் வேர்வை சிந்துவது அவள். அவள் முதுகை மறைப்பாக வைத்துக்கொண்டு, காற்றே படாமல் சொகுசாக வருவது அவர். மாட்டுச் சந்தையில் ஏலம் விடுகிறவர் அல்லவா, எதையும் அடக்க விலைக்குக் கீழே முடித்துப் பழகியவர்.

"இந்த ரோட்டுப் பக்கம் வந்தே நாலு வருசமாச்சு," என்றார் பின்னாலிருந்து. "ஏம்மா, அந்தக் குழியை அடைச்சுட்டாங்களா?"

"அடைச்சாச்சு. தார் ஊத்தி, ரோலரும் ஓட்டியாச்சு."

பொய்யில்லை. அந்தக் குழியை அடைத்துவிட்டார்கள்.

அதற்குக் கீழே, வளைவைத் தாண்டி, அக்ரூட் மரத்தடியில் இந்தக் குளிர்காலத்தில் புதிதாக ஒன்று திறந்திருந்தது. ரோட்டுக்கு அடியில் ஊற்று ஓடுகிறது. மேயர் ஓரிடத்தில் வாயை அடைத்தால் அது இன்னோரிடத்தில் வாயைத் திறக்கும். போன மாதம் ஒதில் தனியாக வந்து பார்த்துவிட்டுப் போயிருந்தாள். ஒரு சக்கரம் தாராளமாக இறங்கும்.

இந்த ஞாயிற்றுக்கிழமை எந்த வழியில் போவது என்று சொல்லும் முறை அவளுடையது. "கொரேஸ் மாவட்டத்துலயே இவ்வளவு அமைதியான ரோடு கிடையாது, காரே வராது," என்று சைக்கிள் கிளப்பில் சொன்னாள். எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அண்ணன் செத்த ரோட்டைத் தங்கையே கேட்கும்போது யார் வேண்டாம் என்பது?

வரிசையாகப் போகும்போது பின்னால் வருகிறவருக்கு ரோடு தெரியாது. முன்னால் இருப்பவரின் முதுகுதான் தெரியும். குழியோ ஜல்லியோ வந்தால், முன்னால் போகிறவர் கையைக் கீழே நீட்டிக் காட்ட வேண்டும். பின்னால் வருகிற அத்தனை கழுத்தும் அந்தக் கையை நம்பித்தான்.

அன்றைக்கு முன்னால் போனவர் கிஸ்லேன். பின்னால் வந்து அந்தக் குழியில் விழுந்தவன் அவள் அண்ணன் லுசியன்.

கிஸ்லேன் கையை நீட்டவில்லை. "கத்தினேன், 'குழி'ன்னு கத்தினேன், அவன் காதுல விழலை," என்று காவலர்களிடம் சொன்னார். கல்லறை வாசலில் அவளிடமும் அதையே சொன்னார்.

கத்தினாராம்! சந்தையில் அவர் விலை கூறினால் ஆற்றுக்கு அக்கரையில் மேய்கிற மாடு தலையைத் தூக்கும். அந்தத் தொண்டை கத்தியதாம், முதுகுக்குப் பின்னாலேயே வந்தவனுக்குக் கேட்கவில்லையாம். அந்தச் சரக்கு ஒதிலிடம் விலை போகவில்லை.

நாற்பது வயதுக்கு மேல் அவள் சைக்கிள் பழகியதே இந்த இறக்கத்துக்காகத்தான்.

உச்சி வந்தது. கிளப்பின் மற்றவர்கள் வெகுதூரம் பின்தங்கியிருந்தார்கள்.

"மெதுவாப் போ தாயே. நான் இன்னும் ஒரு மாசப் பென்ஷன்கூட வாங்கலை."

"என் சக்கரத்தை மட்டும் விட்டுடாதீங்க," என்றாள் ஒதில்.

இறங்கினாள்.

அடைத்த குழியின் கறுப்புத் தார் சக்கரத்துக்கு அடியில் ஓடி மறைந்தது. வளைவு. காதெல்லாம் காற்று. அக்ரூட் மரம்.

அதோ, வாயைப் பிளந்துகொண்டு.

அவள் கை பிரேக்கை விட்டு அசையவில்லை. கடைசி நொடியில் இடுப்பை ஒடித்து விலகினாள்.

பிறகு காத்திருந்தாள். இரும்பு தரையில் மோதும் சத்தத்துக்கு. ஓர் அலறலுக்கு.

காற்றுதான் கேட்டது.

கீழே பாலத்தில் நின்றாள். திரும்பிப் பார்க்கவில்லை. நாலு வருடம் காத்திருந்தவளுக்கு இப்போது என்ன அவசரம்?

பக்கத்தில் ஒரு சைக்கிள் கிறீச்சிட்டு நின்றது.

கிஸ்லேன். ஒரு கீறல் இல்லை. முகம் மட்டும் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது.

"காதை என்ன அடகு வச்சுட்டியா?" குரல் உடைந்து, கரகரத்து வந்தது. "மேலேருந்து தொண்டை கிழியக் கத்துறேன்! பாரு, பின்னாடி பாரு!"

அவள் இருக்கைக்குக் கீழே சுருட்டிக் கட்டியிருந்த மழைக்கோட்டு அவிழ்ந்து, அதன் ஒரு கை சக்கரத்தின் மேல் தொங்கிக்கொண்டிருந்தது. டயரில் உரசி உரசி நுனி நாராகியிருந்தது. இன்னும் கொஞ்சம் உள்ளே போயிருந்தால் சக்கரம் அப்படியே பூட்டிக்கொண்டிருக்கும்.

"எந்த நிமிஷம் விழுவியோன்னு உன்னை விட்டுத் தள்ளியே வந்தேன். அதனாலதான் அந்தக் குழியே என் கண்ணுல பட்டுச்சு. இல்லேன்னா..." இருமினார். இருமல் நிற்கவில்லை.

"எவ்வளவு நேரம் கத்துனீங்க?"

"நிறுத்தினாத்தானே! இங்க வந்து சேர்ற வரைக்கும் கத்திக்கிட்டேதான் வந்தேன்."

ஒதில் அவர் கழுத்தைப் பார்த்தாள். நரம்புகள் இன்னும் புடைத்திருந்தன.

மேலே உச்சியில் வண்ணச் சட்டைகள் தெரிந்தன. ஒன்றன்பின் ஒன்றாக, ஒட்டிக்கொண்டு, கிளப் இறங்கத் தொடங்கியிருந்தது. அவர்களை அவள் கணக்கிலேயே சேர்க்கவில்லை.

சைக்கிளைப் போட்டுவிட்டு மேட்டில் ஓடினாள். பெடலில் மாட்டுகிற கொக்கி வைத்த சைக்கிள் ஷூ தாரில் வழுக்கியது. கழற்றி எறிந்துவிட்டு, வெறுங்காலோடு அக்ரூட் மரத்தடி வரை ஓடினாள்.

"கத்தும்மா! கத்து!" கீழேயிருந்து கிஸ்லேனின் குரல் பள்ளத்தாக்கு முழுக்க எதிரொலித்தது.

அவள் வாயைத் திறக்கவே இல்லை. இறங்குகிறவர்கள் காதில் காற்றுதான் விழும். நடுரோட்டில் நின்று, கையைக் குழிக்கு நேராக நீட்டினாள்.